கிடங்கில் வண்டு விழுந்த தானியம்: அரசின் பறிமுதலும் இஸ்லாமியச் சந்தை ஒழுங்கும்

 

வடசென்னையில் தண்டையார்பேட்டையைக் கடந்து காலடிப்பேட்டையை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள பகுதியை டோல்கேட் என்று அழைக்கிறோம். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்டபோது அங்கு அமைந்த நிலையத்திற்கும் அப்பெயரே நிலைத்தது. சரக்கை நிறுத்திச் சுங்கம் வசூலிக்கும் சாவடி என்பதே அச்சொல்லின் பொருள். சாவடி இன்று இல்லை. ஆனால் சரக்கு நின்றபாடில்லை. இராயபுரம் துறைமுக வாயில்களிலிருந்து எண்ணூர் வரை கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை கட்டி நிற்கின்றன. அரிசி, பருப்பு, கோதுமை, பேரீச்சம்பழம், முந்திரி என நம் வீட்டு அடுப்புக்கு வந்து சேரும் பொருட்களில் பல, இந்த வட்டாரத்துக் கிடங்குகளில் சில நாட்களோ பல மாதங்களோ தங்கித்தான் வருகின்றன.

அவ்வாறு தங்கும் பொருளில் வண்டு விழுந்தால் என்ன ஆகும்? உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் கிடங்கைச் சோதித்தார்கள், புழுத்த சரக்கைக் கைப்பற்றினார்கள், அழித்தார்கள் என்ற செய்தியை நாளிதழில் இரண்டு வரியில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். வாங்கி உண்பவருக்கு அது நிம்மதி. முதல் போட்ட வியாபாரிக்கு அது இடி. நம் சமுதாயத்தில் இரு தரப்பினரும் இருக்கின்றனர். மண்ணடியிலும் முத்தியால்பேட்டையிலும் மளிகை மொத்த வணிகம் செய்வோரும் நம்மவரே. மாதச் சம்பளத்தில் அரைச் சிப்பம் அரிசி வாங்கி உண்போரும் நம்மவரே. எனவே இந்த இரண்டு வரிச் செய்திக்குப் பின்னால் உள்ள நீண்ட வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும்.

குவியலுக்குள் நுழைந்த கரம்

உணவுச் சரக்கைச் சோதிப்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த வழக்கம் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். மதீனாவின் சந்தையில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்லும்போது அதனுள் தம் கரத்தை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று அறிவித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகளை ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, மழை பெய்தது வியாபாரியின் குற்றம் என்று அங்கே கூறப்படவில்லை. நனைந்ததை மறைத்ததே குற்றமாயிற்று. இரண்டாவது, நபியவர்கள் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்தி அடையவில்லை. குவியலின் உள்ளே சோதித்தார்கள். இன்று தானியக் கிடங்கில் மூட்டையைப் பிரிக்காமலேயே கூர்மையான குத்தூசிக் குழாயைச் செருகி உள்ளிருக்கும் தானியத்தை எடுத்துப் பார்க்கின்றனர். அந்தச் சோதனையின் நோக்கமும் இதுவேயாகும்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டிய மற்றொரு செய்தி அபூதாவூத் நூலில் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்களிடம் பழைய பேரீச்சம்பழங்கள் கொண்டுவரப்பட்டன. அவர்கள் அவற்றைக் கிளறிப் பார்த்து, உள்ளிருந்த புழுக்களை அகற்றினார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புழு இருந்த ஒரே காரணத்திற்காக முழுவதையும் தூக்கி எறியவும் இல்லை. பார்க்காமல் உண்ணவும் இல்லை. உணவை வீணாக்காமையும் தூய்மையும் அங்கே ஒன்றுசேர்ந்தன. பழத்திலும் பாலாடைக்கட்டியிலும் தானே தோன்றும் புழுவைப் பிரிப்பது கடினமாக இருப்பதால், அந்த உணவோடு சேர்ந்து உள்ளே போவதை ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் மன்னித்திருப்பதும் இந்த இலகுவின் அடிப்படையில்தான். ஆனால் அது தன் வீட்டில் தான் உண்பவருக்கு உரிய சலுகை. அந்தச் சலுகையைக் காட்டிப் புழுத்த சரக்கைப் பிறர் தலையில் கட்ட எந்த மத்ஹபும் இடம் தரவில்லை. விற்கும் பொருளில் உள்ள குறையை எடுத்துச் சொல்வது கடமை. மறைத்து விற்றால் வாங்கியவர் அதைத் திருப்பித் தர உரிமை உண்டு.

யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியம்

தானியச் சேமிப்பு என்றதும் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. ஏழு ஆண்டுகள் விளைச்சல், அடுத்த ஏழு ஆண்டுகள் பஞ்சம் என்று கனவுக்கு விளக்கம் கூறியதோடு அவர்கள் நிறுத்தவில்லை. அறுவடை செய்ததில் உண்பதற்குத் தேவையான சிறிதளவு தவிர, மற்றதைக் கதிரிலேயே விட்டு வைக்கும்படி வழி காட்டினார்கள். கதிரிலேயே இருந்தால் தானியம் கெடாது என்பதே அதற்குரிய காரணம் என்று விரிவுரையாளர்கள் எழுதியுள்ளார்கள்.

இதன் நுட்பத்தைப் பூச்சியின் வாழ்க்கையை அறிந்தால் புரிந்துகொள்ளலாம். அரிசியைத் தாக்கும் கூன்வண்டு தன் மூக்கினால் தானியத்தில் துளையிட்டு, உள்ளே முட்டையிட்டு, பசை போன்ற ஒன்றால் அத்துளையை மூடிவிடும். புழு உள்ளேயே வளர்ந்து, மாவை உண்டு, வண்டாக மாறிய பிறகுதான் வெளியே வரும். நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகவே வெளியே வண்டு தெரியும் நாளில், உள்ளே ஒரு தலைமுறை வளர்ந்து முடிந்திருக்கும். மாவில் பெருகும் செவ்வண்டும் நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சியும் வேறு வகை. உமியும் தோலும் தானியத்திற்குக் கவசம். அக்கவசம் உரிக்கப்பட்ட பிறகே தாக்குதல் எளிதாகிறது. நம் முன்னோர் அரிசியாக வைக்காமல் நெல்லாகவே குதிரிலும் பத்தாயத்திலும் வைத்து, வேண்டும்போது குத்திக்கொண்டதும் இதனால்தான். இன்றைய கிடங்கில் தீட்டிய அரிசியும் உடைத்த பருப்பும் அரைத்த மாவும் அடுக்கப்படுகின்றன. கவசம் நீங்கிய பொருளைக் காக்க மனிதரின் கண்காணிப்பே கவசமாக நிற்க வேண்டியிருக்கிறது.

முஹ்தஸிபின் அதிகாரம்

நபியவர்கள் தொடங்கிவைத்த அந்தச் சோதனை, பிற்காலத்தில் ஹிஸ்பா என்னும் துறையாக வளர்ந்தது. உமர் (ரலி) அவர்கள், விற்பதற்காகத் தண்ணீர் கலக்கப்பட்ட பாலைக் கீழே ஊற்றிவிட்டார்கள் என்று அறிஞர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணியிடம் மதீனாச் சந்தையின் சில பொறுப்புகளை அவர்கள் ஒப்படைத்ததாகவும் வரலாற்று நூல்களில் காணப்படுகிறது. அந்த அறிவிப்பின் வலிமை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

1058ஆம் ஆண்டு மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் அரசியல் சட்டங்களைத் தொகுத்த நூலில், முஹ்தஸிப் எனப்படும் சந்தைக் கண்காணிப்பாளரின் வரம்புகளை விரிவாக எழுதினார்கள். கண்ணெதிரே தெரியும் தீமையைத் தடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மூடிய வீட்டுக்குள் துருவிப் பார்க்க அதிகாரம் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் ஷாம் தேசத்தைச் சேர்ந்த ஷைஸரி அவர்கள், ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அத்தியாயம் வகுத்து முஹ்தஸிபுக்கு ஒரு கையேடே எழுதினார்கள். தானியம் விற்பவர், மாவு அரைப்பவர், ரொட்டி சுடுபவர் ஆகியோரின் சரக்கை எப்படிப் பார்ப்பது என்பதும் அதில் அடங்கும்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வழிமறித்து வசூலிக்கும் அநியாய வரியை அரபியில் மக்ஸ் என்பர். அறிஞர்கள் அதைக் கடுமையாகக் கண்டித்துள்ளார்கள். மக்ஸ் அரசின் கஜானாவுக்காகச் சரக்கை நிறுத்துகிறது. ஹிஸ்பாவோ, விலை கொடுத்தும் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஏழை வாடிக்கையாளருக்காகச் சரக்கை நிறுத்துகிறது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலவே இருக்கும். எந்த அலுவலர் எதற்காக நிறுத்துகிறார் என்பதை வைத்தே அது நீதியா அநீதியா என்று முடிவாகிறது.

சென்னைக் கடற்கரையின் மூட்டைகள்

இனி நம் ஊருக்கு வருவோம். 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஆர்க்காட்டுப் பக்கம் புறப்பட்டது. அதன்பின் கடல்வழி வந்த தானியம் இரும்புப் பாதையில் உள்நாட்டுக்குப் போகத் தொடங்கியது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதே காலத்தில், 1877இல், சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோலத் திறந்தவெளியில் அடுக்கப்பட்டிருந்தன. தானியம் இருந்தது, அதைப் பாதுகாத்து, பசித்தவரிடம் கொண்டு சேர்க்கும் ஏற்பாடு போதவில்லை. பஞ்ச நிவாரண வேலையாக 1877-78இல் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாயும், எண்ணூர் பக்கம் ஏற்கெனவே ஓடிய கால்வாயும் சேர்ந்தே ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஒரு பிடி தானியக் கூலிக்காக மண் சுமந்தவர்களின் வியர்வை அக்கால்வாயில் கலந்திருக்கிறது.

கலப்பட உணவைத் தடுப்பதற்கென்று சென்னை மாகாணம் 1918ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் ரங்கூன் அரிசி வருவது நின்றுபோனது. ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பின. சென்னையில் பங்கீட்டு முறை வந்தது. வரிசையில் நின்று வாங்கிய அரிசியில் வண்டும் கல்லும் பொறுக்கிய கதையை நம் வீட்டு முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1965ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் உருவானபோது அதன் தலைமையகம் சென்னையிலும் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலும் அமைந்தன. அதற்கு முன்பே, 1958இல், தானியச் சேமிப்பு முறைகளை ஆராய உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூரில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டிருந்தது.

முந்திரித் துண்டுகளும் ஒரு சொல்லும்

சுதந்திர இந்தியாவில் 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நிறைவேறி, 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. அழுக்கானது, அழுகியது, பூச்சி தாக்கியது, அல்லது வேறு வகையில் மனிதர் உண்ணத் தகாதது ஆகிய அனைத்தும் கலப்பட உணவு என்று அச்சட்டம் வரையறுத்தது. விற்பது மட்டுமல்ல, சேமித்து வைப்பதும் குற்றமாயிற்று. சேமிப்பது என்றால் விற்பதற்காகச் சேமிப்பது என்றே பொருள் என்று 1970களில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தன் வீட்டுப் பானையில் வண்டு விழுந்த இல்லத்தரசியைச் சட்டம் தேடி வராது.

எழுத்தில் தெளிவாகத் தெரிந்த இந்தச் சட்டம், டெல்லியில் விற்கப்பட்ட துண்டு முந்திரியில் சிக்கிக்கொண்டது. கச்சேரு மல் என்ற வியாபாரி மீது டெல்லி மாநகராட்சி தொடர்ந்த வழக்கில் 1975ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூச்சி தாக்கியிருப்பது மட்டும் போதாது. அதனால் அப்பொருள் மனிதர் உண்ணத் தகாததாக ஆகிவிட்டது என்றும் நிரூபிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உயிருள்ள பூச்சி இருந்தால்தான் பூச்சி தாக்கியதாகக் கொள்ள வேண்டுமா என்ற வாதம்கூட அக்காலத்து நீதிமன்றங்களில் எழுந்தது. பிறகு டேக் சந்த் பாட்டியா என்ற வியாபாரியின் வழக்கில், அதுவும் முந்திரி வழக்கே, 1979இல் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு வேறு விதமாகப் பொருள் கொண்டது. சட்ட வாசகத்தில் வரும் 'அல்லது' என்ற சொல் முன்பகுதியையும் பின்பகுதியையும் பிரிக்கிறது. பூச்சி தாக்கியது என்பதே தனியொரு குற்றத்திற்குப் போதுமானது. உண்ணத் தகாதது என்பதைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது அந்த அமர்வு.

மதரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் ஓதும் மாணவர்கள், 'வாவ்' என்ற எழுத்துக்கும் 'அவ்' என்ற சொல்லுக்கும் இத்தனை பக்கம் எதற்கு என்று சலித்துக்கொள்வதுண்டு. ஒரு சிறிய சொல்லைச் சேர்த்துப் படிப்பதா, பிரித்துப் படிப்பதா என்பதில் ஒரு வியாபாரியின் சிறைத் தண்டனையும், அவர் சரக்கை உண்டவர்களின் ஆரோக்கியமும் அடங்கியிருந்ததை இவ்வழக்குகளில் காண்கிறோம். இரண்டு தீர்ப்புகளுக்கும் பின்னால் நியாயமான கவலை உண்டு. ஒரு மூட்டையில் இரண்டு வண்டு கண்டதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதா என்பது முதல் கவலை. எவ்வளவு புழுத்தால் குற்றம் என்று ஒவ்வொரு வழக்கிலும் வாதாடிக்கொண்டிருந்தால் பொதுமக்களை யார் காப்பது என்பது இரண்டாவது கவலை.

இந்த இழுபறிக்கு அளவுகோலால் விடை காண முயன்றனர். உணவுத் தானியங்களுக்கான தர விதிகளில், வண்டு துளைத்த மணிகள் எண்ணிக்கையில் 100க்கு 10ஐத் தாண்டக் கூடாது, யூரிக் அமிலம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என வரம்பு வகுக்கப்பட்டது. யூரிக் அமிலம் என்பது பூச்சியின் கழிவு. சல்லடையில் சலித்து வண்டை நீக்கிவிடலாம். காற்றில் தூற்றித் தூசியையும் அகற்றலாம். கழிவு மட்டும் மாவோடு தங்கி, ஆய்வுக்கூடத்தில் சாட்சி சொல்லும். குவியலின் மேலே உலர்ந்ததைப் பரப்பினாலும் உள்ளே ஈரம் காட்டிக்கொடுத்தது அல்லவா, அது போன்றதே இது.

வெளிநாட்டில் ஒரு கிடங்கு வழக்கு

பொருளை விளைவிக்கவும் இல்லை, விற்கவும் இல்லை, வாடகைக்கு இடம் கொடுத்து வைத்திருந்தேன், என் மீது என்ன குற்றம் என்று கேட்கும் கிடங்கு உரிமையாளர் எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் இருந்த வீசன்ஃபெல்ட் கிடங்கு நிறுவனத்தின் மீது, எலியும் பறவையும் பூச்சியும் நுழையக்கூடிய கட்டடத்தில் உணவை வைத்திருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 1964ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெறுமனே வைத்திருப்பவருக்கும் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 1975இல் பால்டிமோர் நகரக் கிடங்கில் எலி நடமாட்டம் இருந்த வழக்கில், பல மாநிலங்களில் கடைகள் நடத்திய ஆக்மி நிறுவனத்தின் தலைவரே பொறுப்பாளி என்ற முடிவு உறுதியாயிற்று. அவர் இருந்தது வேறு நகரத்தில். ஆயினும் சரிசெய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. ஒவ்வொருவரும் மேய்ப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவை குறித்து விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இது புதிய தத்துவம் அன்று. அமானிதமாகப் பெற்ற பொருளைக் கவனக்குறைவால் கெடுத்தவர் ஈடு செய்ய வேண்டும் என்பதும் ஃபிக்ஹின் சட்டமே.

இன்றைய சட்டத்தில் பறிமுதல்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. புழுவோ வண்டோ பூச்சியோ தாக்கிய உணவு, பாதுகாப்பற்ற உணவு என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளது. அத்தகைய உணவைத் தயாரிப்பது, சேமிப்பது, விற்பது, வினியோகிப்பது அனைத்தும் தடை செய்யப்பட்டவை.

அலுவலர் சோதனைக்கு வரும்போது நடப்பது என்ன? 38ஆம் பிரிவின்படி அவர் மாதிரி எடுக்கலாம். சட்டத்திற்கு மாறானது என்று தோன்றும் சரக்கைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதை உரிமையாளரிடமே பாதுகாப்பில் விட்டு, அதன் மதிப்புக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கவும் இயலும். எடுத்த மாதிரி நான்கு பகுதிகளாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. ஒரு பகுதி உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. அவர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு ஒரு பகுதியை அனுப்பும்படி வியாபாரியும் கேட்கலாம். பகுப்பாய்வு அறிக்கையின் மீது மேல்முறையீடும் உண்டு. விரைவில் கெடும் பொருள் உண்ணத் தகாத நிலையை அடைந்துவிட்டால், எழுத்து மூலம் அறிவித்த பிறகு அழிக்கப்படும். நியாயமான காரணமின்றித் துன்புறுத்தும் நோக்கில் சரக்கைக் கைப்பற்றும் அலுவலருக்கு 39ஆம் பிரிவு ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. முஹ்தஸிபுக்கு மாவர்தி (ரஹ்) அவர்கள் வரம்பு வகுத்தது போல, இங்கும் அதிகாரத்துக்கு எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. தம் கடமையை அறிந்த வியாபாரி இந்த உரிமைகளையும் அறிந்திருப்பது நல்லது. கையூட்டு என்னும் ஹராமின் வாசலைத் தட்ட வேண்டிய நிலை அப்போது வராது.

அழிப்பதா, ஏழைக்குக் கொடுப்பதா?

இத்தனை பேர் பசித்திருக்க, கைப்பற்றிய உணவைக் குழி தோண்டிப் புதைப்பது சரியா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. இது பழைய கேள்வி. தண்ணீர் கலந்த பாலை உமர் (ரலி) அவர்கள் கீழே ஊற்றினார்கள் என்று பார்த்தோம். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ, அத்தகைய பாலைக் கொட்டுவதைவிட ஏழைகளுக்குத் தர்மமாகக் கொடுத்துவிடுவதை விரும்பினார்கள். ஏமாற்றியவருக்கு அது நஷ்டமாகித் தண்டனையும் கிடைக்கிறது, உணவும் வீணாகவில்லை என்பது அதன் நியாயம். இந்தக் கருத்து வேறுபாட்டை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ஹிஸ்பா குறித்த தம் நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் கலந்த பால் தரம் குறைந்தது; உடலைக் கெடுப்பது அன்று. புழுத்து, பூஞ்சை பிடித்து, கழிவு கலந்து போன தானியத்தின் நிலை வேறு. தான் கண்ணை மூடிக்கொண்டாலன்றி வாங்க விரும்பாத மட்டமான பொருளைத் தேடி எடுத்து அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தடுக்கிறது. பள்ளிவாசலில் ஏழைத் தோழர்களுக்காகத் தொங்கவிடும் பேரீச்சங்குலைகளில் சிலர் மட்டமானதைக் கொண்டுவந்து வைத்ததையொட்டி இவ்வசனம் அருளப்பட்டதாகத் திர்மிதியில் வருகிறது. ஏழையின் வயிறு குப்பைத் தொட்டி அல்ல.

அவ்வாறாயின் உண்மையான தீர்வு எங்கே இருக்கிறது? கெட்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்னால், கெடும் வரை ஏன் வைத்திருந்தோம் என்ற கேள்வி நிற்கிறது. 2010ஆம் ஆண்டில் அரசுக் கிடங்குகளில் தானியம் வீணாவதைக் கண்ட உச்ச நீதிமன்றம், அழுக விடுவதற்குப் பதிலாக ஏழைகளுக்கு அதை இலவசமாகக் கொடுங்கள் என்றது. மத்திய வேளாண் அமைச்சர் அதை ஓர் ஆலோசனையாகக் கருதிப் பேசியபோது, அது ஆலோசனை அல்ல, உத்தரவு என்று நீதிமன்றம் ஆகஸ்ட் 31 அன்று தெளிவுபடுத்தியது. விலை ஏறட்டும் என்று பதுக்கி வைக்கும் தனிமனிதரைப் பாவி என்று நபிமொழி சொல்கிறது. பதுக்கிய மூட்டையில் விழும் வண்டு, காத்திருந்த இலாபத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

நம் வீட்டிலும் பள்ளிவாசலிலும்

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு. கிடங்கு நடத்தும் சகோதரர்கள் மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டங்களின் மீது, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். முதலில் வந்தது முதலில் வெளியேற வேண்டும். பழைய காலிச் சாக்குகளே வண்டின் தாய்வீடு. அவற்றை அகற்ற வேண்டும். புகைமூட்டம் தேவைப்பட்டால் உரிமம் பெற்றவரைக் கொண்டே செய்ய வேண்டும். அதற்குப் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் உயிரைக் குடிக்கும் வாயுவை வெளியிடும். எக்காரணம் கொண்டும் அதை வீட்டிற்குள் கொண்டுவரக் கூடாது. வீட்டிற்கு வெயிலும் காற்றுப் புகாத டப்பாவும் அளவான கொள்முதலும் போதும்.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கி வருகிறது. அது ஊர் மக்களின் அமானிதம். வந்த அன்றே ஒரு பிடி அள்ளிப் பார்ப்பதும், உலர்ந்த அறையில் வைப்பதும், மிஞ்சியதை அடுத்த ஆண்டு வரை மூலையில் போட்டு வைக்காமல் உரியவருக்கு உடனே சேர்ப்பதும் நிர்வாகிகளின் கடமை.

சரக்கில் வண்டு விழுவது எந்த வியாபாரிக்கும் நேரலாம். அதைத் தனியே எடுத்து வைத்து, திருப்பி அனுப்பியோ அழித்தோ நஷ்டத்தை ஏற்பவர் பணத்தை இழக்கிறார். சலித்து, புதுச் சாக்கில் மாற்றி, நல்ல சரக்கோடு கலந்து விற்பவர் இழப்பது எதை என்பதை மதீனாச் சந்தையில் சொல்லப்பட்ட அந்த அறிவிப்பு நமக்குத் தெளிவாக்கிவிட்டது. அலுவலர் வருவது ஆண்டுக்கு ஒரு முறையாக இருக்கலாம், வராமலும் போகலாம். மூட்டையின் அடியில் இருப்பதை அறிந்தவன் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வல்ல அல்லாஹ் நம் உணவை ஹலாலானதாகவும் தூய்மையானதாகவும் ஆக்கி, நம் வியாபாரங்களில் பரக்கத் செய்து, நாணயமான வணிகர்களின் கூட்டத்தில் நம்மைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.